எதிர்வீட்டுப் பூனையும் மாடித்தோட்டத்துப் பைகளும்

கேள்வி இதுதான்: எதிர்வீட்டில் வளர்க்கும் பூனை மாடித்தோட்டத்துப் பைகளிலும் கீழே இருக்கும் கீரைப் பாத்தியிலும் தினமும் அசிங்கம் செய்துவிட்டுப் போகிறது. பினாயில், மிளகாய்த்தூள், அந்துருண்டை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. எதிர்வீட்டோடு சண்டை வராமல், பூனைக்கும் கேடு வராமல் நிறுத்த வழி உண்டா? அந்தக் கீரையைச் சாப்பிடலாமா?

வழி உண்டு. ஆனால் வாசனையை வைத்து விரட்டுவதை முதலில் விட்டுவிட வேண்டும். மண்ணின் மேற்பரப்பை மூட வேண்டும், பழைய வாடையை எடுக்க வேண்டும், பூனைக்கு வேறோர் இடம் காட்ட வேண்டும். மூன்றையும் ஒரே வாரத்தில் செய்தால்தான் பலன். ஒன்றைச் செய்து பத்து நாள் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுவோம் என்றால் பூனை பக்கத்துப் பைக்கு மாறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

பூனை இடம் பிடிக்கும் கணக்கு எளிது. முன்னங்காலால் இரண்டு தடவை கீறினால் குழி விழ வேண்டும். மண் காய்ந்து பொலபொலவென்று இருக்க வேண்டும். உட்கார்ந்து திரும்ப ஓரடி இடம் வேண்டும், ஆள் நடமாட்டம் கூடாது. தென்னைநார்க் கழிவு, செம்மண், மண்புழு உரம் மூன்றையும் கலந்து நாம் பையில் நிரப்பும் கலவை இந்த எல்லாக் கணக்குக்கும் பொருந்துகிறது. கடையில் விற்கும் பூனை மணல்கூட இவ்வளவு மென்மையாக இருக்காது. அதை வரிசையாக அடுக்கி, ராத்திரி யாரும் வராத மாடியில் வைத்திருக்கிறோம். எதிர்வீட்டு முற்றமோ முழுக்க சிமெண்ட். பூனை வேறு எங்கே போகும்?

இதற்கு மேல் நாமே விருந்து வைத்து அழைக்கிற காரியங்களும் உண்டு. மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலத்தைத் தெளித்த அன்று மாலையே பூனை வந்து பையைக் கிளறும். எலும்புத்தூள் போட்டாலும் அப்படித்தான். முதலில் தின்ன வருகிறது, தோண்டிப் பார்க்கிறது, தோண்டிய மண் வாகாக இருந்தால் வந்த வேலையை மாற்றிக்கொள்கிறது. மீன் அமிலத்தை விடக்கூடாது என்றால் காலையில் ஊற்றி, மேலே நல்ல தண்ணீர் விட்டு உள்ளே இறக்கிவிடுங்கள். எலும்புத்தூளை மேலாகத் தூவாமல் நாலு அங்குல ஆழத்தில் புதையுங்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று குப்பைமேனி. அதற்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் சும்மா வரவில்லை. வேரோடு பிடுங்கிப் போட்டால் அந்த வேரின் வாடைக்குப் பூனை ஓடி வந்து முகத்தைத் தேய்த்து உருளும். களை எடுக்கும்போது குப்பைமேனியைப் பிடுங்கிப் பாத்தி ஓரத்திலேயே போட்டுவிட்டுப் போவது பூனைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடுவதுபோல. பிடுங்கிய கையோடு அப்புறப்படுத்துங்கள். இதே செடி பின்னால் நமக்கு உதவும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பூனையின் மேல் பழியைப் போடும் முன் அது பூனைதானா என்று ஒரு ராத்திரி பார்த்துவிடுவது நல்லது. மாடிக்கு ஏறும் வழியிலும் பைகளைச் சுற்றியும் கல்மாவுக் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவி வையுங்கள். அரிசிமாவு வேண்டாம், விடிவதற்குள் எறும்பு அள்ளிப் போய்விடும். காலையில் தடத்தைப் பாருங்கள். பூனையின் தடம் வட்டமாக இருக்கும், நாலு விரல் பதியும், நகம் பதியாது. நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் பிராணி அது. ஐந்து விரல் தெரிந்தால் மரநாய், நீள நகம் தெரிந்தால் கீரி என்று சந்தேகிக்கலாம். கழிவும் காட்டிக்கொடுக்கும். பூனை புதைக்கும். மரநாய் தண்ணீர்த் தொட்டியின் மூடி, கைப்பிடிச் சுவர் என்று உயரமான இடத்தில் திறந்தவெளியில் போடும், அதில் பழக்கொட்டைகள் அப்படியே இருக்கும். பேரீச்சங்கொட்டை அளவில் உதிரி உதிரியாகக் கிடந்து, பக்கத்தில் மண்மேடும் வளையும் இருந்தால் அது பெருச்சாளி. இவற்றுக்கு வைத்தியம் வேறு. மரநாய் வனவிலங்கு, அதைப் பிடிக்கவோ அடிக்கவோ கூடாது.

பூனைதான் என்றால், புதைத்த மலமா, சுவரிலோ பையின் பக்கவாட்டிலோ பீய்ச்சிய மூத்திரமா என்பதையும் பிரித்துப் பாருங்கள். நின்றபடி வாலைத் தூக்கிப் பீய்ச்சுவது பெரும்பாலும் கடுவன் பூனை எல்லை குறிக்கும் வேலை. மண்ணை மூடினால் அது நிற்காது. கருத்தடை செய்தால்தான் நிற்கும்.

இப்போது மூடும் வேலை. நம் ஊரில் கைக்குக் கிடைக்கும் பொருள்களில் பைகளுக்கு மிகச் சரியானது கொட்டாங்கச்சி. பதினைந்து அங்குலப் பையில் செடியின் தண்டைச் சுற்றி ஏழெட்டு அரைக் கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்கி, ஒவ்வொன்றின் விளிம்பையும் அரை அங்குலம் மண்ணுக்குள் அழுத்திவிடுங்கள். பூனை கீற இடமில்லை, ஈரமும் நிற்கும், தண்ணீர் இடுக்குகள் வழியாக இறங்கும். கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கி டெங்குக் கொசு முட்டையிடும்; சுகாதாரத் துறை ஆள் வந்து கேட்டால் பதில் சொல்ல முடியாது. தேங்காய் மட்டையைப் பிளந்து, நார்ப் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குவதும் இதே வேலையைச் செய்யும். பெரிய துண்டாக இருக்க வேண்டும். சீவித் துண்டு துண்டாகப் போட்டால் பூனை தள்ளிவிடும்.

காய்ந்த இலை, மரத்தூள், உமி இந்த மூன்றையும் மூடாக்காகப் போடவே போடாதீர்கள். மண்ணுக்கு நல்லதுதான், ஆனால் பூனைக்கு அது மெத்தை. மூடாக்குப் போட்டும் வருகிறதே என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் போட்டிருப்பது இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

சின்னத் தொட்டிகளுக்கும் நாற்று விட்ட பைகளுக்கும் குச்சி முறை போதும். மூங்கில் குச்சிகளை ஓரடி நீளத்துக்கு வெட்டி, ஆறு அங்குலம் மண்ணுக்குள்ளும் ஆறு அங்குலம் வெளியிலும் நிற்கும்படி நாலு நாலு அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். குத்துவதற்கல்ல, திரும்பி உட்கார இடமில்லாமல் செய்வதற்கு. அதனால் மேல்முனையை மழுக்கிவிடுங்கள். குனிந்து களை எடுக்கும்போது குத்துப்படுவது உங்கள் கண்ணாகவும் இருக்கலாம். தென்னை ஈர்க்குச்சி வேண்டாம், பூனை உடம்பாலேயே சாய்த்துவிடும். இடைவெளி ஆறேழு அங்குலம் ஆனாலும் பயனில்லை.

தரையில் இருக்கும் கீரைப் பாத்திக்குக் கோழி வலைதான். ஓர் அங்குலக் கண் உள்ள வலையைப் பாத்தியின் அகலத்தைவிடப் பக்கத்துக்கு ஆறு அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். விதைத்துத் தண்ணீர் தெளித்த பிறகு மண்ணோடு மண்ணாகப் படியும்படி விரித்து, வெட்டிய முனைகளைக் கீழ்நோக்கி மடக்கி, கட்டுக்கம்பியை ஹேர்பின் மாதிரி வளைத்து இரண்டடிக்கு ஒன்றாகக் குத்தி நிறுத்துங்கள். நகம் கம்பியில் தட்டும்போதே பூனைக்கு அந்த இடம் பிடிக்காமல் போகும். அரைக்கீரை கண் வழியாகவே வளர்ந்து வரும். அறுத்துப் பறிக்கும் கீரைக்கு வலையை எடுக்கவே வேண்டியதில்லை. வேரோடு பிடுங்கும் சிறுகீரை, முளைக்கீரைக்கு இது சிக்கல், தண்டு கம்பியில் மாட்டும். அவற்றுக்கு மூங்கில் வளைவு ஊன்றி, மேலே ஓரடி உயரத்தில் வலையைக் கூடாரமாகக் கட்டி, நாலு பக்கமும் தரையோடு இறுக்குங்கள். ஒரு பக்கம் தொளதொளவென்று இருந்தால் அந்தப் பக்கம்தான் அதற்கு வாசல். பச்சை நிழல்வலையைக் கூடாரமாகப் போட்டால் வெயிலுக்குப் பூனை அதன்மேல் ஏறித் தொட்டில் கட்டிப் படுத்துக்கொள்ளும். கம்பி வலைதான் இதற்குச் சரி.

பூச்செடி, பப்பாளி, முருங்கை மாதிரி அடிமண் திறந்து கிடக்கும் இடங்களில் 20 மில்லிமீட்டர் ஜல்லியை இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் போதும். வீட்டு வேலைக்காக மணல் கொட்டி வைத்திருந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் செங்கல் வையுங்கள். திறந்த மணல் குவியல் ஒன்று இருந்தால் தெருப்பூனை முழுவதும் அங்கேதான்.

தண்ணீர் விடும் நேரத்தையும் மாற்றலாம். பூனை அதிகம் நடமாடுவது அந்தி சாயும்போதும் விடியற்காலையிலும். காலையில் விட்ட தண்ணீர் மாலைக்குள் மேல்மண்ணில் காய்ந்துவிடும். பாதியைக் காலையிலும் பாதியை மாலை ஐந்தரை, ஆறு மணிக்கும் விட்டால் பூனை வரும் நேரத்தில் மண் சொதசொதவென்று இருக்கும். கால் நனைவது அதற்குப் பிடிக்காது. பூஞ்சை நோய் வரும் செடிகளுக்கு இலையில் படாமல் அடியில் மட்டும் விடுங்கள்.

அடுத்தது சுத்தம். மூடும் அன்றைக்கே இதையும் செய்துவிட வேண்டும். ரப்பர் கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, கழிவை அதைச் சுற்றி இரண்டு மூன்று அங்குல மண்ணோடு சேர்த்துக் கைக்கரண்டியால் அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். மட்கு உரக் குழியில் போடாதீர்கள். வீட்டு உரக்குழியின் சூடு அதிலுள்ள கிருமிகளைக் கொல்லப் போதாது. சாணம் மாதிரி இதுவும் எருதானே என்று சிலர் கேட்பார்கள். மாடு தின்பது புல், பூனை தின்பது எலியும் மீனும். ஒட்டுண்ணி விஷயத்தில் இரண்டும் ஒன்றல்ல. மூத்திரம் விழுந்த பையில் செடியின் அடியிலை கருகினாற்போல் இருக்கும். நைட்ரஜன் அளவுக்கு மீறியதால் வரும் கருகல் அது. மூன்று நாலு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக வடியவிட்டு, மேல்மண்ணை மாற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

சுவரிலும் தரையிலும் பட்ட மூத்திரத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவுவது வீண். நமக்கு வாடை மறையும், பூனையின் மூக்குக்கு மறையாது. அம்மோனியா கலந்த தரைக் கழுவியை ஊற்றினால் அதுவே மூத்திர வாடை மாதிரி இருந்து மறுபடி அழைக்கும். என்சைம் உள்ள சலவைத்தூளை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 100 கிராம் வீதம் கரைத்துத் தேய்த்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, பச்சைத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். இது சிமெண்டுக்கும் ஓட்டுக்கும்தான், மண்ணில் ஊற்றக் கூடாது. பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் நேராகக் கொட்டாதீர்கள்; கிளம்பும் புகை மூச்சைப் பிடிக்கும்.

கீரையைச் சாப்பிடலாமா என்பதற்கு நேர்ப் பதில்: நன்றாக வேகவைப்பதாக இருந்தால் சாப்பிடலாம், பச்சையாக என்றால் அந்தப் பையிலிருந்து வேண்டாம். பூனை மலத்தில் கவலைப்பட வேண்டியது டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி. எல்லாப் பூனையும் எப்போதும் அதை வெளியிடுவதில்லை. முதல்முறை தொற்றும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை வெளியிடும், பெரும்பாலும் எலி பிடிக்கப் பழகும் இளம் பூனைகள். வெளியே வந்த முட்டை உடனே தொற்றாது, பக்குவப்பட ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். ஆகவே 24 மணி நேரத்துக்குள் அள்ளிவிட்டால் ஆபத்தில் பெரும்பகுதி போய்விடும். அள்ளாமல் விட்டால் ஈரமான நிழல் மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரோ பிளீச்சோ அதைக் கொல்லாது, சூடுதான் கொல்லும். கொதித்து வெந்த கீரை மசியலில் பயமில்லை. புதினாச் சட்னி, மேலே தூவும் கொத்தமல்லி, பச்சையாகக் கடிக்கும் முள்ளங்கி, கேரட், தரையோடு படரும் வல்லாரை இவற்றில்தான் கவனம் வேண்டும். அசிங்கப்பட்ட பை புதினாப் பையாக இருந்தால் அந்த மண்ணைப் பூச்செடிக்கு மாற்றிவிட்டுப் புதுக் கலவையில் வேறு தண்டு நடுவதே நிம்மதி.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அந்த மண்ணைத் தொடவே வேண்டாம். புதிதாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கக் கூடியது இது. குழந்தைகள் வெறுங்காலோடு அந்தப் பாத்தியில் விளையாடுவதையும் நிறுத்துங்கள்; கொக்கிப்புழுக் குஞ்சு தோலுக்குள் புகுந்து, நெளிநெளியான கோடாகத் தடித்து அரிக்கும்.

பூனைக்கு ஓரிடம் கொடுப்பது பலருக்குக் கசக்கும்: நம் செலவில் அதற்குக் கக்கூஸ் கட்டுவதா? மூடிய இடங்களைத் தாண்டித் திறந்த மண் எங்காவது இருந்தே தீரும். அது எங்கே என்பதை நீங்கள் தீர்மானிப்பது நல்லது. இரண்டடிக்கு இரண்டடி, பழைய பிளாஸ்டிக் தொட்டியோ செங்கல் சுற்றிய மூலையோ போதும். நாலு அங்குல உயரத்துக்குச் சலித்த மணலோ கழுவிய தென்னைநார்க் கழிவோ நிரப்புங்கள். மேலே மழைபடாமல் ஒரு தகரம். பூனை வரும் பாதையில், ஆள் அதிகம் போகாத ஓரத்தில் வையுங்கள். முதல் நாள் அதன் கழிவையே சிறிது எடுத்து அதில் புதைத்துவிட்டால் இடம் தெரிந்துகொள்ளும். குப்பைமேனி வேர் இரண்டைப் பக்கத்தில் நசுக்கிப் போடுவதும் இங்கேதான். தினமும் அள்ள வேண்டும். இரண்டு மூன்று நாள் அள்ளாமல் நாறவிட்டால் பூனையே அதை ஒதுக்கிவிட்டுப் புதினாப் பைக்குத் திரும்பும்.

இந்தத் தொட்டி எதிர்வீட்டிலேயே இருந்தால் இன்னும் நல்லது, அதற்குத்தான் பேச்சு. முதலில் அது உண்மையிலேயே அவர்கள் பூனையா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நம் தெருக்களில் ஒரு பூனைக்கு மூன்று வீட்டில் சாப்பாடு, மூன்று பெயர். கைப்பேசியில் நேரத்தோடு ஒரு படம் எடுத்து வையுங்கள், ஆனால் அதை நீட்டிக்கொண்டு பேச்சைத் தொடங்காதீர்கள். அள்ளிய கையோடு, கோபத்தோடு, வாசலில் நாலு பேர் நிற்கும்போது போகவும் வேண்டாம். "அக்கா, உங்க மணி எங்க மாடியில புதினாத் தொட்டியில போயிடுது. நாங்க அதைப் பச்சையா அரைக்கிறோம், அதான் பயமா இருக்கு. உங்க பின்பக்கம் ஒரு தொட்டி மணல் வச்சா பழகிடும், மணல் நான் தர்றேன்" என்கிற அளவு போதும். 'உங்க பூனையை அடக்கி வைங்க' என்றால் அங்கேயே பேச்சு முறிந்துவிடும். பூனையை யாரால் அடக்க முடியும்? கடுவனாக இருந்தால் கருத்தடையைப் பற்றியும் மெல்லச் சொல்லுங்கள். நாலைந்து மாதத்திலேயே செய்துவிடலாம். பத்தில் ஒன்பது கடுவன்களில் பீய்ச்சும் பழக்கம் நிற்கவோ வெகுவாகக் குறையவோ செய்யும், ராத்திரிச் சண்டைக் கூச்சலும் அடங்கும். சத்தம் குறையும் என்பது அவர்களையும் இழுக்கும்.

செய்யக் கூடாதவை பற்றி. பினாயிலில் இருக்கும் பீனால் வகைப் பொருளைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. காலில் பட்டதை நக்கினாலே நஞ்சு. அந்துருண்டையும் யூகலிப்டஸ் எண்ணெயும் அப்படியே. அந்துருண்டை காய்கறி மண்ணில் கிடப்பது உங்களுக்கும் நல்லதல்ல. மிளகாய்த்தூள் ஒரு மழைக்கும் ஒரு தண்ணீர் விடலுக்கும் தாங்காது. தாங்கும்வரை பூனையின் கண்ணையும் காற்றடித்தால் உங்கள் கண்ணையும் எரிக்கும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் கேடில்லை, ஆனால் நம் வெயிலில் ஒரே நாளில் சருகாகிவிடும். வாசலில் நாய்க்காகக் கட்டுவார்களே, நீலம் கலந்த தண்ணீர் பாட்டில், அதன் நிழலில் பூனை படுத்துத் தூங்கும். நம் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பும் மீயொலிக் கருவி சில பூனைகளை விலக்கும், சில நாளில் பழகிவிடுவதும் உண்டு. அதை மட்டும் நம்பிக் காசைப் போட வேண்டாம்.

சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பூனை திரும்பி வரும், அல்லது காலியான இடத்துக்கு வேறொன்று வரும். விஷம் வைப்பது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம்; எலிமருந்து கலந்த மீனைத் தின்பது எதிர்வீட்டுப் பூனையாகத்தான் இருக்கும் என்றும் இல்லை, காகமும் நாயும் தின்னும்.

எல்லாம் செய்தும் ஒரு மாதம் கழித்தும் வந்தால், ஏறும் வழியைக் கோலப்பொடி வைத்து மறுபடி பாருங்கள். பெரும்பாலும் ஒரே வழிதான் இருக்கும்: சன்ஷேடு, ஏசி வெளிப்பெட்டி, சுவரை ஒட்டிய முருங்கைக் கிளை. கிளையென்றால் வெட்டிவிடுங்கள். மரமே ஏணியென்றால் ஐந்தடி உயரத்தில் இரண்டடி அகலத் தகரத்தைத் தண்டைச் சுற்றிக் கட்டுங்கள், நகம் பிடிக்காது. தண்டு பருக்கும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டைத் தளர்த்த வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் என்றால், கம்பியைக் கோத்து அதில் நாலு அங்குல பிவிசி குழாயை உருளும்படி விடலாம். கால் வைத்ததும் உருண்டு கீழேயே இறக்கிவிடும். ஓரடி இடைவெளி விட்டாலும் அந்த ஓரடியில் ஏறிவிடும் என்பதால் முழு நீளத்துக்கும் போட முடிந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஆடிப்பட்டத்துக்குப் பாத்தியைக் கொத்திப் புதுமண் போடும் வாரத்தில் போன பூனை திரும்ப வரும். கோழி வலையை முன்னாலேயே வெட்டி வைத்துக்கொண்டு, கொத்திய அன்றே பொழுது சாயும் முன் விரித்துவிடுங்கள்.